எட்டாம் துளையில் ஒரு கேபிள்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஹெலனைத் தெரியாத கேட் செக்யூரிட்டி கிடையாது. முதுகில் ஒரு பை. பைக்குள் கேபிள் டெஸ்டர், லேபிள் அடிக்கிற குட்டி மெஷின், தயிர்சாத டப்பா. காலில் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ, அதுவும் ரெண்டு சைஸ் பெரிசு. பொம்பளைக் காலுக்கு ஷூ வாங்க ஸ்டோர்காரருக்கு மூன்று வருஷமாக நேரம் வரவில்லை, பாவம், அவ்வளவு வேலை! இவளும் முனையில் பஞ்சை அடைத்துப் போட்டுக்கொண்டு ஏணி ஏறுகிறாள். யாராவது சிரித்தால், "ஷூதாண்ணா பெருசு, வேலை அளவாத்தான் இருக்கும்" என்பாள். அந்த வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் அவளிடம் வம்பு வைத்துக்கொள்வதில்லை.

சொந்த ஊர் ஆரம்பாக்கம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து, ரெண்டு பெண்களைப் படிக்க வைத்தார்கள். பெரியவள் மேரி பத்தாவதோடு நின்றுவிட்டாள். சின்னவள் ஹெலன் பாலிடெக்னிக் முடித்து, நாலு வருஷம் ஹைவே ஓரக் குழிகளில் உட்கார்ந்து தலைமுடி மாதிரி மெல்லிசான கண்ணாடி இழைகளை ஒட்டிக்கொண்டிருந்தாள். அதற்கப்புறம்தான் இந்த இரும்புக் குழாய்க் கம்பெனி. காண்ட்ராக்ட் வேலை. காலையில் ரயிலேறி வருவாள், சாயந்திரம் ரயிலேறிப் போவாள்.

அவள் சேர்ந்தபோது அங்கே ஏற்கனவே கேபிள் வேலையில் இருந்தவன் லோகு, மேரி அக்காவின் வீட்டுக்காரன். ஷெட்டுக்குள் தூசியிலும் சூட்டிலும் இழுக்கிற கேபிளெல்லாம் ஹெலனுடையது, ஏசி போட்ட சர்வர் ரூம் லோகுவுடையது. "மாமா, நீ மட்டும் ஜில்லுனு உக்காந்துகினு கீறே" என்று ஹெலன் கிண்டல் பண்ணுவாள். "ஜில்லுனுதான் கீது. ஆனா உள்ளே தும்முனாக்கூட கம்பெனி நின்னுடும் ஹெலனு" என்பான் லோகு.

அவன் சொன்னது சும்மா இல்லை. அந்த ரூமில் மூன்று சர்வர்கள் கூட்டாக வேலை செய்கின்றன. எத்தனை குழாய் உருண்டது, எது எந்த லாரியில் ஏறுகிறது, எல்லாக் கணக்கும் அவை பார்ப்பதுதான். ஆனால் கணக்கைத் தங்களுக்குள் வைத்துக்கொள்வதில்லை. அது பக்கத்தில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கிறது. சர்வருக்கும் பெட்டிக்கும் நடுவில் வழி அறுந்தால் கேட் பாஸ் அச்சாகாது. கேட் பாஸ் இல்லாமல் லாரி நகராது. அதனால் எல்லாவற்றுக்கும் ரெண்டு வழி. கேபிள் சொருக வரிசையாகத் துளை வைத்த சுவிட்ச் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு சர்வரிலிருந்தும் மேலே ஒரு கேபிள், கீழே ஒரு கேபிள். பெட்டியிலிருந்தும் அப்படியே. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ரயில் நின்றால் ரோட்டுக்கு ஓடிப் போய் பஸ் பிடிக்கிற ஜனம்தானே நாம்.

குளறுபடி ஆகக்கூடாது என்று சென்னையிலிருந்து வருகிற இன்ஜினியர் அன்புராஜ் ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். மேல் சுவிட்சில் ஒற்றைப்படைத் துளைகள், கீழ் சுவிட்சில் இரட்டைப்படைத் துளைகள். மேலே ஒன்று, மூன்று, ஐந்து சர்வர்களுக்கு, ஏழு பெட்டிக்கு. கீழே ரெண்டு, நாலு, ஆறு சர்வர்களுக்கு, எட்டு பெட்டிக்கு. எந்தத் துளை எந்தத் துளையோடு பேசலாம் என்பதையும் சுவிட்சுக்குள் எழுதி வைத்துவிடுவார். எழுதாத துளையில் கொண்டுபோய்ச் சொருகினால் விளக்கு பச்சையாகத்தான் எரியும், ஆனால் ஒரு எழுத்து உள்ளே போகாது.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், மார்ச் மாதக் கடைசியில், மேல் சுவிட்ச் புகைந்து செத்தது. செத்தால் என்ன, கீழ் சுவிட்ச் இருக்கிறதே என்று எல்லோரும் தைரியமாக இருந்தார்கள். கீழ் வழியும் வேலை செய்யவில்லை. பத்தொன்பது மணி நேரம் கம்பெனி நின்றது. லாரிகள் சிப்காட் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றன. அன்புராஜ் ஓடி வந்து பார்த்தால், பெட்டியின் கேபிள் எட்டில் இல்லை, ஒன்பதில் இருக்கிறது.

ரூம் ரெஜிஸ்டரைப் புரட்டினார்கள். கடைசியாக உள்ளே போன பெயர் லோகு.

"சார், நான் எட்டுலதான் சொருகினேன்" என்று லோகு ஒரு தடவை இல்லை, பத்துத் தடவை சொன்னான். "அப்ப கேபிளுக்குக் காலு முளைச்சு நடந்து போச்சா?" என்றார் ஜி.எம். கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் ஜோக்கடித்தால் சிரிப்பதும் ஒரு டியூட்டிதானே!

அன்றைக்கு ஹெலன் ஒரு காரியம் செய்தாள். நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள், அதுதான் கொடுமை. கேன்டீன் பின்னால் லோகுவை உட்கார வைத்து, "யானைக்கும் அடி சறுக்கும் மாமா. ஒத்துக்கினு ஒரு லெட்டரு எழுதிக் குடுத்துடு, விட்டுடுவாங்க" என்றாள். லோகு அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"நீயும் அப்டித்தான் நெனைக்கிறியா?"

"கை தவறியிருக்கும் மாமா. அவசரத்துல யாருக்குன்னா ஆவும்."

லெட்டரை ஹெலனே எழுதினாள், அவன் கையெழுத்துப் போட்டான். அந்த லெட்டரையே சாட்சியாக வைத்துக்கொண்டு மறுநாள் அவனை வெளியே அனுப்பினார்கள். சர்வர் ரூம் வேலை ஹெலனுக்கு வந்தது. லோகு வாடகைக்கு ஒரு ஷேர் ஆட்டோ எடுத்து, புதுவாயலுக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் ஓட்ட ஆரம்பித்தான். ஹெலனோடு சண்டையெல்லாம் இல்லை. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளோடு வந்து பிரியாணி சாப்பிடுவான், "நல்லா இருந்துச்சு" என்பான், போய்விடுவான். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொள்வதைப் பார்த்து ஹெலனுக்குச் சோறு இறங்காது.

இந்த வருஷம் கம்பெனி பழைய சர்வர்களைத் தூக்கிவிட்டுப் புதுசு வாங்கியது. புது ஸ்டோரேஜ், புது சுவிட்ச் ரெண்டு. கேபிள் வேலை முழுக்க ஹெலன் பொறுப்பு. ஜி.எம். முன்னால் டெஸ்ட் நடக்கும், ஒரு வழியைப் பிடுங்கினால் இன்னொரு வழியில் ஓட வேண்டும், ஓடினால் ஹெலனுக்குப் பெர்மனென்ட் என்று பேச்சு. ஹெலன் மனசுக்குள் ஒன்று வைத்திருந்தாள். பெர்மனென்ட் ஆன கையோடு ஜி.எம்.மிடம் போய் மாமாவைத் திரும்ப எடுக்கச் சொல்லிக் கேட்பது. காண்ட்ராக்ட்காரி கேட்டால் எவன் காதில் ஏறும்? பெர்மனென்ட்காரி கேட்டால் பாதிக் காதிலாவது ஏறும். அப்படியாவது மாமா பழையபடி பேசுவான் என்று நம்பினாள். கட்டின புருஷன் பென்னியிடம்கூட இதை அவள் சொல்லவில்லை.

இந்த இடத்தில் தேசப்பன் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அட்மின் மேனேஜர். ஆந்திரா எல்லையோரத்து மனுஷர், ஆம்பளைகளையெல்லாம் நைனா என்பார், பெண்களையெல்லாம் தாயி என்பார். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் அவர் மேஜையிலிருந்து மாத்திரையும் விபூதியும் சேர்ந்து வரும். ரிடையராக இன்னும் ஒரு வருஷம் சொச்சம். தங்கமான மனுஷர், ஆனால் நம்பர் பைத்தியம். வண்டி நம்பர் கூட்டினால் ஐந்து வர வேண்டும் என்று மூன்று மாதம் வண்டி வாங்காமல் சைக்கிளில் வந்தவர். தேதி பார்க்காமல் பேனாவுக்கு இங்க் கூடப் போட மாட்டார். சர்வர் ரூம் சாவி முன்னெல்லாம் அவரிடம்தான் இருந்தது. அந்தப் பத்தொன்பது மணி நேரக் கூத்துக்கு அப்புறம் ஐ.டி. ஆட்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். இந்த வருஷம் ஏப்ரலில் ஐ.டி. ஆபீஸ் சென்னைக்கு மாறியதும் சாவி மறுபடி அவர் இடுப்புக்கு வந்தது.

ஹெலன் பத்து நாள் உழைத்தாள். எட்டுக் கேபிளையும் தனித்தனியாக இழுத்தாள். மேல் வழிக் கேபிள்கள் ரூமின் இடது பக்கமாக, கீழ் வழிக் கேபிள்கள் வலது பக்கமாக. ஒரு எலி கடித்தால் ஒன்றுதான் போக வேண்டும், ரெண்டும் போகக்கூடாது என்பது அவள் கணக்கு. ஒவ்வொரு நுனியையும் துடைத்து, உள்ளிருக்கும் கண்ணாடி இழையில் வெளிச்சம் சரியாக வருகிறதா என்று அளந்து, லேபிள் ஒட்டினாள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடைசிக் கேபிளைக் கீழ் சுவிட்சின் எட்டாம் துளையில் சொருகி, 'டிக்' என்று சத்தம் கேட்டதும் ரெஜிஸ்டரில் நேரம் எழுதிவிட்டு ரயிலுக்கு ஓடினாள். சர்வர்களில் எல்லா வழியும் தெரிகிறது என்று அன்புராஜும் அன்றைக்கே பார்த்துவிட்டு, திருநின்றவூர் வீட்டுக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு டெஸ்ட். உள்ளே ஜி.எம்., அன்புராஜ், ஹெலன். தேசப்பன் சார் கேட்டில் லாரிகளைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தார். உள்ளே போன் கொண்டுவரக் கூடாது என்பதால் இன்டர்காமில் கேட்டோடு பேச்சு.

"ஆரம்பிக்கலாம்" என்றார் ஜி.எம்.

ஹெலன் சிலுவை போட்டுக்கொண்டு, மேல் சுவிட்சின் ஏழாம் துளைக் கேபிளை உருவினாள். இனிமேல் எல்லாம் கீழ் எட்டு வழியாகத்தான் போக வேண்டும். அன்புராஜ் ஸ்கிரீனைப் பார்த்தார். ஸ்கிரீன் அப்படியே உறைந்து நின்றது. இன்டர்காம் அலறியது. "சார், கேட் பாஸ் வரலை சார்!"

மறுபடி சொருகியும், சர்வர்கள் எழுந்து முகம் கழுவி வேலைக்கு வர நாற்பது நிமிஷம் ஆனது. அதற்குள் அன்புராஜ் குனிந்து கீழ் சுவிட்சைப் பார்த்துவிட்டு, கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஹெலன், எதுல சொருகினீங்க?"

"எட்டுல சார்."

"ஒன்பதுல இருக்கே."

ஹெலன் மண்டி போட்டுப் பார்த்தாள். எட்டு காலி. ஒன்பதில் கேபிள். கேபிளில் அவள் கையால் ஒட்டிய லேபிளில் மட்டும் 'கீழ் 8' என்று பளிச்சென்று இருக்கிறது. விளக்கு பச்சையாக எரிகிறது, ஒன்றும் தெரியாத குழந்தை மாதிரி.

"லேபிள் எட்டுன்னு ஒட்டிட்டு ஒன்பதுல சொருகியிருக்கே. படிச்ச பொண்ணுதானே நீ?" என்றார் ஜி.எம். "அன்னைக்கு உங்க மாமன், இன்னைக்கு நீ. குடும்பமே ஒன்பதுல குடியிருக்கா?"

ஹெலன் வெள்ளிக்கிழமையை மனசுக்குள் திருப்பித் திருப்பி ஓட்டினாள். எட்டுதானே? டிக் என்று கேட்டதே? ரயில் அவசரத்தில் ஒரு துளை தள்ளிப் போயிருக்குமோ? ஐயோ, நானேதான் மாற்றிச் சொருகிவிட்டேனோ? தன் கை மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்த அந்த நொடியில்தான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. இந்த இடத்தில், இதே மாதிரி, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் லோகு மாமா நின்றிருக்கிறான். அப்போது அவனுக்காகப் பேச ஒரே ஒருத்தி இருந்தாள். அவளும் பேசவில்லை.

"நாலு மணிக்குள்ளே விளக்கம் எழுதி என் மேஜைக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு ஜி.எம். போய்விட்டார். அன்புராஜ் நல்லவர்தான். ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்து, "யாருக்கும் தவறும் ஹெலன். ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்துடுங்க, நான் பேசறேன்" என்றார்.

அவ்வளவுதான், ஹெலனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எழுத மாட்டேன் சார். ஒரு தபா எழுதிக் குடுத்துட்டு நான் பட்டது போதும்" என்று சொல்லிவிட்டு, தாளோடு வெளியே வந்தாள்.

முதலில் ரெஜிஸ்டர். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஹெலன், அன்புராஜ். அதற்கடுத்த வரி திங்கட்கிழமை பத்து மணி. நடுவில் ஒரு பெயரும் இல்லை. கேபிளுக்கு நிஜமாகவே கால் முளைக்காது. பூட்டிய ரூமுக்குள் யாரோ போயிருக்க வேண்டும், சாவி இல்லாமல் போக முடியாது. அவள் நேராகத் தேசப்பன் சார் மேஜைக்குப் போனாள்.

அவர் அவளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "வா தாயி, உக்காரு. கேள்விப்பட்டேன். மனசே சரியில்லை எனக்கு. மோர் குடிக்கிறியா? ச்சே, காலைல ஏழரை மணிக்கே வந்து உனக்காக எல்லாம் பாத்துப் பண்ணி வெச்சேனே, அப்படியும் இப்டி ஆயிட்ச்சே!"

ஹெலன் உட்காரப் போனவள் அப்படியே நின்றாள். "இன்னா சார் பண்ணி வெச்சீங்க?"

"எட்டும்மா! சனி நம்பர். புது மெஷினைப் பார்க்கலாம்னு உள்ளே போனா, உன் கேபிள்ல எட்டுன்னு போட்டுக்கினு கீது. பொண்ணுக்குப் பெர்மனென்ட் ஆவுற நாளு, எட்டுல இருந்தா வெளங்குமா? பக்கத்துலயே ஒம்போது காலியா இருந்துச்சு. டக்குனு எடுத்து டக்குனு சொருகிட்டேன். ஒரு செகண்டு அணைஞ்சுது, உடனே பச்சை எரிஞ்சுது. ஒம்போது செவ்வாய் தாயி, எதையும் தாங்கும்."

"ரெஜிஸ்டர்ல எழுதலியே சார்?"

"சாவி வெச்சுக்கினு கீறவன் எதுக்கும்மா எழுதணும்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த மனுஷர் கெடுவது தெரியாமல் இன்னும் பேசிக்கொண்டே போனார். "லோகுக்கும் அப்டித்தான். அவனும் எட்டுலதான் சொருகி வெச்சிருந்தான். நான்தான் ஒம்போதுக்கு மாத்திட்டு மறுநாளு திருப்பதிக்குப் போனேன். வந்து பார்த்தா அவன் ஏதோ தப்பா சொருகிட்டான்னு அனுப்பிட்டாங்கன்னு சொன்னாங்க. நம்பர் நல்லாப் பண்ணியும் அவன் நேரம் சரியில்லை, பாவம்."

ஹெலன் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி பக்கத்திலேயே இருந்தது, ஆனால் தரையில் உட்கார்ந்தாள். அழுகை வந்தது, கோபம் வந்தது, நடுவில் சனியன் பிடித்த சிரிப்பும் வந்தது. தேசப்பன் சார் பதறிப்போய் மோர் டம்ளரை நீட்டினார். அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு, எட்டாம் துளையில் என்ன எழுதியிருக்கிறது, ஒன்பதில் ஏன் எதுவும் எழுதவில்லை, ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனி எதனால் நின்றது என்று குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாயாகச் சொன்னாள்.

"மிக்ஸிய இந்தப் பிளக்குல சொருகினா இன்னா, அந்தப் பிளக்குல சொருகினா இன்னான்னு நெனைச்சேனே தாயி!"

"மிக்ஸி இல்ல சார் இது."

தேசப்பன் சார் கண்ணாடியைக் கழற்றினார். முகம் சுண்டிவிட்டது. "எந்தத் துளைன்னு எனக்கு யாருமே சொல்லலியேம்மா... தப்பா சொருகிட்டான்னுதான் சொன்னாங்க. அந்தப் புள்ளைய ரோட்டுல விட்டது நானா?"

"நீங்க பாதி சார். லெட்டர் எழுதுன பாதி நான்" என்றாள் ஹெலன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கிடந்த ரெண்டு வருஷம் அந்த மேஜைக்கடியில் வந்து உட்கார்ந்திருந்தது. "நான் போயி சொன்னா, தப்பிக்கறதுக்கு உங்க மேல போடறேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க சொன்னாத்தான் சார் நம்புவாங்க."

அவர் கழற்றிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ரிடையர்மென்ட் நினைப்பு வந்திருக்கும், வராமல் இருக்குமா? முப்பத்தொரு வருஷ சர்வீஸ், ஒரு ரிமார்க் கிடையாது. கடைசி வருஷத்தில் ஜி.எம். ரூமில் போய்த் தலை குனிந்து நிற்க வேண்டும். ஹெலன் அவரைக் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் அவர் தட்டிக் கழித்திருப்பாரோ என்னவோ! தரையில் உட்கார்ந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவர் கையை நீட்டினார். "அந்தத் தாளைக் குடு."

அன்புராஜ் ஹெலனுக்குக் கொடுத்த வெள்ளைத் தாளில் தேசப்பன் சார் எழுதினார். தேதி பார்க்கவில்லை, நேரம் பார்க்கவில்லை. அன்றைக்கும் நான்தான், இன்றைக்கும் நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இடுப்பிலிருந்த சாவியையும் கழற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். ஜி.எம். கத்தியது கீழே டெஸ்பாட்ச் வரை கேட்டது. தேசப்பன் சார் குரல் கேட்கவே இல்லை. நாற்பது நிமிஷம் கழித்து இறங்கி வந்தபோது சட்டை முதுகெல்லாம் வியர்வை, கையில் கம்பெனி சீல் குத்திய ஒரு தாள்.

"சாவிய வாங்கிக்கினாரு. என் விஷயம் ஹெட் ஆபீசுக்குப் போவுதாம், போவட்டும்" என்றார். "உனக்கு நாளைக்கு மறுபடி டெஸ்ட்டு. இது லோகுவோடது. தப்பு அவனோடது இல்லைன்னு எழுதி வாங்கிட்டேன். ஒண்ணாம் தேதிலேர்ந்து வரச் சொல்லிட்டாரு. தர மாட்டேன்னாரு, குடுக்குற வரைக்கும் ரூமை விட்டுப் போவ மாட்டேன்னு நின்னுட்டேன். வா, இப்பவே போலாம்."

புதுவாயல் கூட்டுரோட்டில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. லோகுவின் ஆட்டோவில் ஏற்கனவே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்டு முடிந்த ரெண்டு பையன்கள், ஸ்கூல் பிள்ளையோடு ஒரு கருவாட்டுக் கூடைக்காரம்மா. லோகு ஹெலனைப் பார்த்தான், பின்னால் தேசப்பன் சாரைப் பார்த்தான், முகத்தில் ஒன்றும் காட்டாமல், "ஏறுங்க சார், இடம் கீது" என்றான்.

இறங்கச் சொல்லிப் பேசலாம் என்று ஹெலன் நினைத்தாள். தேசப்பன் சாருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆட்டோ நகர்ந்ததும் டிரைவர் சீட்டுப் பக்கமாகக் குனிந்து, அந்நிய ஜனம் நாலு பேர் காது கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். எட்டு, ஒன்பது, சனி, செவ்வாய், திருப்பதி, ஒன்று விடவில்லை. "நீ சரியாத்தான் சொருகினே நைனா. மாத்துனவன் நான். என்னை மன்னிச்சுடு" என்று முடித்தார்.

லோகு திரும்பவில்லை. கொஞ்ச தூரம் ஓட்டினான். அப்புறம் வண்டியை ஓரம் கட்டி, எஞ்சினை அணைத்தான்.

"எட்டுலதான் சொருகினேனா சார்?"

"எட்டுலதான் நைனா. என் கண்ணால பார்த்தேன்."

"நல்லா ஞாபகம் கீதா?"

"எடுத்ததே இந்தக் கைதானே!"

லோகு ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே இருந்தான். "எனக்கே தெரியாமப் போயிட்ச்சு சார்" என்றான். "மொத ஒரு மாசம், எட்டுலதான் சொருகினேன்னு கோயில்ல சத்தியம் பண்ணக்கூட ரெடியா இருந்தேன். ஜி.எம்.மு சொன்னதெல்லாம் எனக்கு ஒண்ணும் இல்லை. ஹெலனு சொல்லிட்ச்சு பாருங்க, கை தவறியிருக்கும்னு. அதுக்கு என் கையத் தெரியும். அதுவே சொன்னா அப்டித்தான் இருக்கும்னு ஆயிட்ச்சு. இப்பல்லாம் ஊட்டைப் பூட்டிட்டு மூணு தபா வந்து இழுத்துப் பாக்கறேன். கேஸ் அணைச்சனான்னு பாதி ரோட்டுலேர்ந்து திரும்பிப் போறேன். மேரி கேட்டா ஏதோ மறந்துட்டேன்னு சொல்லிடுவேன்."

காலையில் ஒரு நிமிஷம் ஹெலன் பட்டதை இவன் ரெண்டு வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறான். வேலை போனதற்காகத்தான் மாமா பேசாமல் இருக்கிறான் என்று நினைத்திருந்தாளே, மண்டு! சம்பளத்தை யார் கொடுத்தாலும் ஈடு கட்டிவிடலாம். இதை எப்படி ஈடு கட்டுவது?

"மாமா, ஊரே சொன்னாலும் நான் சொல்லியிருக்கக் கூடாது மாமா" என்றாள். "உன் கையப் பாத்துக்கினே எத்தினி நாளு வேலை செஞ்சேன். எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் சொல்ட்டேன். திட்டு மாமா. ரெண்டு அடி வேணா அடி. சும்மா இருக்காதே."

லோகு இப்போதுதான் திரும்பினான். அவளை மேலும் கீழும் பார்த்தான். "இன்னைக்கு உன்னையும் லெட்டரு எழுதச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"எழுதுனியா?"

"இல்ல."

"அதான் சரி" என்றான். சொல்லிவிட்டு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேரியைக் கூப்பிட்டான். அந்தப் பக்கம் எடுத்ததும், "மேரி, நான் சரியாத்தாண்டி சொருகினேனாம்..." என்று ஆரம்பித்தான். அதற்கு மேல் குரல் வரவில்லை. போனைக் காதில் வைத்தபடி தோள் குலுங்கக் குலுங்க அழுதான். பையன்கள் ரெண்டு பேரும் ரோட்டைப் பார்த்தார்கள். தேசப்பன் சார் துண்டை எடுத்து மூஞ்சியை மூடிக்கொண்டார். போனுக்குள் மேரி, "இன்னா ஆச்சு? ஏங்க, இன்னா ஆச்சு?" என்று கத்துவது ஆட்டோ முழுக்கக் கேட்டது.

ஹெலன் போனை வாங்கக் கை நீட்டினாள். அவளும் அழுதுகொண்டிருந்ததால் கூடைக்காரம்மா அவள் கையைத் தட்டிவிட்டு, பின்னாலிருந்து எட்டி லோகுவின் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யம்மா, நீ பயப்படாதே. உன் ஊட்டுக்காரரு நல்லாத்தான் கீறாரு" என்றாள். "அவரு மேல ஒரு தப்பும் இல்லையாம். அதைக் கேட்டுட்டுத்தான் அழுதுகினு கீறாரு. கொஞ்ச நேரம் அழுவட்டும், அப்புறம் அனுப்பறோம்."